செம்பு பட்டிருச்சு

அத்தியாயம் 7

"ரமேஸ், நீ கடைசியா எப்ப காளான் சாப்பிட்டே?"

இத்ரூஸ் நானா இப்படிச் சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்டால், வேலை வந்திருக்கிறது என்று அர்த்தம். பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரி மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். அந்த வாரம் படியேறி வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் பணிஸ் முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"போன மழைக்குச் சாப்பிட்டேன். ஏன் நானா, யாராச்சும் காளான் சாப்பிட்டுச் செத்துட்டாங்களா?"

"காளானே செத்துப் போச்சாம். டொக்டர் சிவராசா வீட்டுல. கொலைங்கிறாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஐம்பது வயதில் அரைக்கை சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக, இன்ஷூரன்ஸ் கம்பனிகளுக்காகப் பொய்க் கையெழுத்துகளைப் பிடித்துக் கொடுத்த மனிதர், காளானுக்காகத் துப்புத் துலக்கப் போகிறார் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? அன்று சாயந்தரம் அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

நானா தொப்பியைச் சரி செய்துகொண்டார். "கண்டுபிடிக்கவும் ஒண்ணுமில்லியாம். வேலைக்கு நிக்கிற அங்கம்மாங்கிறவ ஒத்துக்கிட்டாளாம். நாலு மணிக்கு பொலிஸ் வருது. அதுக்கு முந்தி நாம போய், அவ சொன்னதை எழுதி சாட்சிக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"அப்ப போயிட்டு வருவோம். கையெழுத்துப் போட நமக்குத் தெரியும்தானே."

ஆனால் மோட்டார் சைக்கிளில் மலை ஏறும்போது எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. அங்கம்மாக்காவை எனக்குத் தெரியும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். புருஷன் போனபிறகு மலையில் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு டொக்டர் வீட்டோடு போய்விட்டவள். தோட்டத்துப் பொம்பளை ஒருத்தி ஜீப்பில் ஏறி பொலிஸுக்குப் போனால், பிறகு குற்றமில்லை என்று ஆயிரம் பேர் சொன்னாலும் ஏறினது ஏறினதுதான். அவளுடைய அந்த வயதுக்கு அது போதும், ஆளை முடித்துவிடும்.

டொக்டர் சிவராசா யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க டொக்டராகப் பதுளைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் ஸ்பிரிங்வெளி ரோட்டில் வீடு கட்டித் தங்கிவிட்டார். எங்கள் லயங்களில் அவர் கை பார்க்காத பிள்ளை குறைவு. எனக்கே வாந்திபேதி வந்தபோது அவர்தான் காப்பாற்றினாராம். அம்மா இன்றைக்கும் அந்த ரோட்டைத் தாண்டினால் வீட்டைப் பார்த்துக் கும்பிடுவாள்.

வீட்டு ஹோலில் ஐந்தடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. கடல் தண்ணீர்த் தொட்டி. பதுளையிலிருந்து கடலுக்குப் போவதென்றால் மொனராகலை தாண்டி பொத்துவில் வரைக்கும் பஸ்ஸில் எலும்பு நொறுங்க வேண்டும். இந்த மனுஷன் அங்கிருந்து லொறியில் பீப்பா பீப்பாவாகக் கடல் தண்ணீர் எடுப்பித்து, மலை உச்சியில் ஒரு கடலை வளர்த்திருக்கிறார். தொட்டிக்குள் இரண்டு மீன்கள் ஒன்றும் நடக்காததுபோலத் திரிந்தன. கற்களின் மேல் இருந்ததெல்லாம் கரைந்துபோன ஜெல்லி மாதிரி சிவப்பும் பழுப்புமான சளி. அடியில் கவிழ்ந்து கிடந்த நத்தைகள் வேறு.

"இருங்கோ இத்ரூஸ்," என்றார் டொக்டர். எழுபது வயது இருக்கும். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் எந்த இடம்?"

"பக்கத்துலதான் சேர். ஸ்பிரிங்வெளி, மேற்கணக்கு லயம்."

"ஓ." தலையை ஆட்டிவிட்டு உள்பக்கம் திரும்பி, "நிசாந்தினி, ரண்டு கோப்பையும் ஒரு கிளாசும் கொண்டு வா பிள்ளை," என்றார்.

கனடாவிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் தேத்தண்ணீரோடு வந்தாள். முப்பத்திரண்டு வயது, தூக்கமில்லாத கண். சமாதான காலம் என்று அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து எல்லோரும் வந்து குவிந்தார்களே, அப்படி இரண்டு வாரத்துக்கு முன்பு வந்தவள். பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் டொக்டருக்கும் நானாவுக்கும். விளிம்பு உடைந்த கண்ணாடிக் கிளாஸ் எனக்கு.

"கிளாஸ்ல கூடக் கொள்ளும். நமக்குத்தான் லாபம்," என்று நானாவின் காதில் முணுமுணுத்தேன்.

நானா சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்ததைவிட என் கிளாஸை அதிக நேரம் பார்த்தார். டீக்கு ஆசைப்படுகிறார் போல என்று நினைத்தேன். மனுஷருக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது.

"இதுகள் காளான் பவளம்," டொக்டர் தொட்டி ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "காளான்ரை குடை மாதிரி, ஆனால் உயிருள்ள பிராணி. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு என்ரை மனுசி கொழும்பிலை ஒரு மீன் கடையிலை ஒரே ஒண்டு வாங்கினவ. சோடாப் போத்தல் மூடியளவு. அது தானாப் பிரிஞ்சு பிரிஞ்சு அறுபத்திமூண்டு வந்தது. மனுசி செத்து ஏழு வருசம். இதுகள் இருந்தது."

"வளக்கிறது கஷ்டமா?" நானா கேட்டார்.

"சும்மா விட்டால் போதும், அதுதான் கஷ்டம். வெளிச்சம் கூடினால் சுருங்கும். தண்ணி வேகமா ஓடினால் விரியாது. தண்ணியைக் கண்ணாடி மாதிரிச் சுத்தமா வைச்சாலும் பிடிக்காது, கொஞ்சம் ஊத்தையும் வேணும். பதுளைக் குளிருக்கு ஹீட்டர் ஓடவேணும். ஆவியாப் போற தண்ணிக்கு உப்பில்லாத நல்ல தண்ணிதான் விடவேணும், ஏனெண்டால் உப்பு போறேல்லை, தண்ணி மட்டும்தான் போகுது. இவ்வளவும் அங்கம்மாதான் பாக்கிறவள். பதினொரு வருசம். ஒரு நாள் பிழைக்கேல்லை."

"அப்ப எப்படிச் செத்துச்சு?"

"செம்பு." அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் வாய் கோணியது. "மீன் தப்பிச்சுது. நத்தையும் பவளமும் செத்தது. அதிலையே எனக்கு விளங்கிட்டுது. பிறகு தண்ணி சோதிக்கிற மருந்து விட்டும் பாத்தனான். தண்ணியிலை செம்பு கலந்திருக்கு. குழாயிலை, கரண்டுக் கம்பியிலை இருக்கிற அதே செம்புதான். இதுகளுக்கு அது நஞ்சு. ஒரு துளி போதும். அதுக்காகவே வீட்டுக் குழாயெல்லாம் பிளாஸ்டிக்கா மாத்தினனான். அவளுக்கும் வந்த முதல் நாளே சொன்னனான், என்ன செய்தாலும் செம்பு மட்டும் படக்கூடாது எண்டு."

"அவ என்ன சொன்னா?"

"வெள்ளிக்கிழமை காலமை எல்லாம் கரைஞ்சு கிடந்தது. என்ரை காலிலை விழுந்து, 'செம்பு பட்டிருச்சு ஐயா, நான்தான், மன்னிச்சிருங்க' எண்டாள். இனி என்ன கிடக்கு? நான் ஒரு சொல்லும் கேக்கேல்லை. வெளியிலை போ எண்டிட்டன். பின்னறையிலைதான் கிடக்கிறாள்."

கிளாஸைக் கீழே வைத்தேன். செய்தவளே செய்தேன் என்று சொன்ன பிறகு துப்பறிவாளருக்கு அங்கே என்ன வேலை?

நானா மட்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "வீட்டுக்குள்ள செம்புல என்னென்ன சாமான் ஈக்குது டொக்டர்?"

"ஒண்டுமில்லை. நான்தான் எல்லாத்தையும் எறிஞ்சிட்டனே. சாமியறையிலை தீர்த்தம் வைக்கிற பாத்திரம் ஒண்டு கிடக்கு. மனுசியின்ரை. அதை மட்டும் எறிய மனம் வரேல்லை."

சாமியறை வாசலில் நானா நின்றுவிட்டார். "நான் உள்ள வரல்ல, அது உங்க இடம். ரமேஸ், நீ போய்ப் பாரு."

நிசாந்தினி குறுக்கே வந்தாள். "இவர் குளிச்சிட்டே வந்தவர்?"

"இன்னைக்கு எங்க பைப்புல தண்ணி வந்துச்சுங்க. அதனால குளிச்சிருக்கேன்," என்றேன். அவள் வழி விட்டாள்.

சின்ன அறை. படங்களில் புதுப் பூ. விளக்கு முன்னால் அந்தப் பாத்திரம். வெளிப்பக்கம் கறுத்துப் பச்சை பிடித்திருந்தது. உள்பக்கம் மட்டும் புதுச் சல்லிக் காசு போலப் பளபளத்தது. பாத்திரம் துலக்குகிற யாரும் வெளியே விட்டுவிட்டு உள்ளே மட்டும் துலக்கமாட்டார்கள். விளிம்பில் வெள்ளையாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"நானா, இந்த வீட்டுச் சாமிக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும். தீர்த்தத்துல உப்பு!"

"உப்பா?"

"கடல் உப்பு. கொஞ்சம் தேசிக்காய்ப் புளிப்பும் அடிக்குது."

டொக்டரின் முகம் சிவந்தது. "பாத்தீரோ! கடல் தண்ணியை இதிலை ஊறவிட்டு, தேசிக்காயும் பிழிஞ்சு, செம்பைக் கரைச்சு ஊத்தியிருக்கிறாள். படிக்காதவளுக்கு இவ்வளவு மூளை!"

"அங்கம்மா இந்த அறைக்குள்ள வருவாங்களா?" நானா கேட்டார்.

டொக்டரின் குரல் இறங்கியது. "வாறேல்லை. கழுவுற சாமானை நாங்கள் வெளியிலை எடுத்து வைச்சால் கழுவித் தருவாள்."

"நாங்கள் இல்லாத நேரம் வந்திருப்பாள் அப்பா," என்றாள் நிசாந்தினி. "செவ்வாய்க்கிழமை நாங்கள் ஹாலிஎலவுக்குப் போனது மறந்துபோச்சே?"

"சரி," என்றார் நானா. "அவ பட்ட பாட்டை அவ வாயாலயே கேட்டு எழுதிருவோம்." பிழையாக வந்துவிட்டது போல நாக்கைக் கடித்துக்கொண்டார். "குற்றத்தைன்னு சொல்ல வந்தேன்."

அவர் வாய் தவறிப் பேசுகிறவர் அல்ல. தலைக்குள் வேறு ஏதோ ஓடுகிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

பின்னறை என்பது விறகுக் கொட்டிலை ஒட்டி இறக்கிய தகரக் கூரை. அங்கம்மாக்கா அடுப்புக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மாரியாயி மகன்தானே நீ? நீயாப்பா பொலிஸு?"

"பொலிஸ் இல்லக்கா. நாலு மணி வரைக்கும் பொலிஸ் இல்ல. என்னக்கா நடந்துச்சு? நீங்க பண்ணலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த நானா மத்ததைப் பாத்துக்குவாரு."

"நான்தான்ப்பா." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பதினோரு வருசமா படாம பாத்துக்கிட்டேன். தண்ணி ஊத்த பிளாஸ்டிக்கு ஜக்கு. கழுவ தனி வாளி. அந்தப் பக்கம் போறப்ப என்னோடத கையில கூட எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன். பூவுங்க அத்தனையும் அப்பம் மாதிரி விரிஞ்சு கிடக்கும். காலையில நான் போய் பாத்தாத்தான் எனக்கு நாளே விடியும். வியாழக்கிழமை புத்தி கெட்டுப் போச்சு. செம்பு பட்டிருச்சு. மறுநாளு பாத்தா எல்லாம் போச்சு."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை. எதன்மேல் என்று அப்போது விளங்கவில்லை.

நானா குந்தி உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கம்மா, உங்க லயத்துல செம்புக் கம்பிக்கு என்ன பேர்?"

இதென்ன கேள்வி என்பதுபோல அவள் பார்த்தாள். "செப்புக் கம்பிங்க."

"தண்ணி குடிக்கிற பாத்திரத்துக்கு?"

"சொம்பு."

"அப்ப செம்புன்னா?"

"அதுதாங்க சொம்பு. நாங்க சொம்புன்னுவோம், இந்த வீட்டுல செம்புன்னுவாங்க. 'அந்தச் செம்பை எடு, இந்தச் செம்பைக் கழுவு'ன்னு யாழ்ப்பாணப் பேச்சு. வந்த புதுசுல எனக்கு விளங்காது. அப்புறம் பழகிருச்சு."

"டொக்டர் முதல் நாள் என்ன சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'என்ன செய்தாலும் செம்பு மட்டும் படக்கூடாது'ன்னாரு." அவள் குரல் தணிந்தது. "அது சரிதானுங்களே. பெரிய எடம். அம்மா ஆசையா வளத்த பூவு. நான் வாய் வச்சுக் குடிக்கிற சொம்பு அதுல பட்டா ஆவுமா?"

பதினொரு வருஷம். அந்த மனுஷர் ஒரு உலோகத்தைச் சொன்னார். இவள் தன் எச்சிலைச் சொன்னதாக நினைத்தாள். அதை நினைத்துக்கொண்டே தினமும் காலையில் எழுந்து போய், அவர் மனைவியின் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அழாமல், சண்டை போடாமல், 'அது சரிதானுங்களே' என்று.

"அந்தச் சொம்பைக் காட்டுங்கம்மா," என்றார் நானா.

அவள் பயந்தாள். "ஐயாவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். காட்டுங்க."

அடுப்புக்குப் பின்னால் கதகதப்பான மூலையில், வெளிச்சம் படாமல் சாக்கு மறைப்புக்குள் இருந்து எடுத்தாள். எவர்சில்வர் சொம்பு. செம்பு துளிகூட இல்லை. மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. அவள் தட்டைத் தூக்கினாள்.

உள்ளே, கடல் தண்ணீருக்கு அடியில், என் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒன்று விரிந்து கிடந்தது. ஓரமெல்லாம் மெதுவாக அசைந்தது. உயிரோடு!

"புதன்கிழமை நத்தைங்க பொத்துப் பொத்துன்னு விழுந்துச்சுங்க. ஐயாகிட்ட சொன்னேன், காதுல வாங்கல. வியாழக்கிழமை இது ஒண்ணு கல்லை விட்டுக் கழண்டு மிதந்துச்சு. பம்புக்குள்ள போகப் பாத்துச்சு. ஜக்கைத் தேடுனேன், காணல. அடுப்படிக்கு ஓடுனேன், டீ குடிச்சுக்கிட்டிருந்த சொம்புதான் கைக்கு வந்துச்சு. கொட்டிப்புட்டு அள்ளிட்டேன். அந்தத் தண்ணியில ஏதோ கோளாறுன்னு மனசுக்குப் பட்டுச்சு. அதை ஊத்திட்டு, பின்னால பீப்பாவுல இருந்த புதுக் கடத்தண்ணி விட்டு வச்சேன். காலையில காலையில மாத்துறேன். என் சொம்பு பட்டதால மத்ததெல்லாம் செத்துப் போச்சு. இதை மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

நானா எழுந்து நின்றார். அவர் கண்ணில் நான் அப்படிக் கோபத்தைப் பார்த்ததில்லை. "வாங்க. சொம்போட வாங்க."

ஹோலுக்கு வந்தோம். வெளியே போ என்று டொக்டர் சொன்ன பிறகு, அங்கம்மாக்கா பின்வாசல் படிக்கு உள்ளே கால் வைக்கவில்லை. சொம்பைப் படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். டொக்டர் எட்டிப் பார்த்தார்.

"உயிரோடை... இது எப்பிடி?"

"பிறகு சொல்றேன்," என்றார் நானா. "டொக்டர், உங்க தொட்டியைக் கொல்லணும்னா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். செம்புங்கிற உலோகம் அதுக்கு நஞ்சுன்னு. அங்கம்மாவுக்கு அது இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவங்க 'செம்பு பட்டிருச்சு'ன்னு சொன்னது இந்தச் சொம்பை. தான் குடிக்கிற சொம்பைத்தான் தொட்டியில படக்கூடாதுன்னு நீங்க சொன்னதா நினைச்சிட்டாங்க. குற்றத்தை ஒத்துக்கல்ல. தீட்டை ஒத்துக்கிட்டாங்க."

டொக்டர் மறுபடி குனிந்து சொம்பைப் பார்த்தார். நானா நிறுத்தவில்லை.

"செம்பு நஞ்சுன்னு தெரிஞ்சவங்க இந்த வீட்டுல ரெண்டே பேர். ஒருத்தர் மூணு நாளா அழுதுக்கிட்டு ஈக்கிறாரு. மத்தவங்க ரெண்டு கிழமையா தினமும் அந்தச் சாமியறைக்குப் பூ வைக்கிறாங்க. தீர்த்தப் பாத்திரம் உப்பு பூத்து நிக்குது. அது அவங்க கண்ணுல படாமலா பூ வச்சாங்க?"

நிசாந்தினி ட்ரேயைக் கீழே வைத்தாள். மறுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மறுக்கவில்லை.

"ஓம். நான்தான்."

"பிள்ளை!"

"என்ன பிள்ளை? என்ரை கலியாணத்துக்கு நீங்கள் வரேல்லை. ஹீட்டர் நிண்டால் காளான் செத்திடுமெண்டு வரேல்லை. என்ரை மகன் ஏழாம் மாசத்திலை பிறந்து மூண்டு கிழமை பெட்டிக்குள்ளை கிடந்தவன். அதுவும் ஒரு கண்ணாடிப் பெட்டிதான் அப்பா. அதுக்கும் ஹீட்டர்தான். நீங்கள் போனிலை என்ன கேட்டனீங்கள் தெரியுமே? 'அங்கை கரண்ட் கட் ஆகாதோ?' எண்டு. பிறகு இஞ்சை கட் ஆகிறதைப் பற்றி அரை மணித்தியாலம் கதைச்சனீங்கள்." அவள் குரல் உடைந்தது. "இது செத்தால் வருவீங்கள் எண்டு நினைச்சன். வேறை வழி தெரியேல்லை."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, உண்மைதான். அது வந்த வேகத்தில் போய்விட்டது, அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும்.

"பழி அங்கம்மா மேல விழும்னு தெரியாதா?" நானா கேட்டார்.

"அவள்தானே தான் எண்டு சொன்னவள். நானே சொல்லச் சொன்னனான்?"

"நாலு மணிக்கு ஜீப் வருமே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்ப... என் சொம்பால சாகலைங்களா?"

அவ்வளவு நேரமும் எங்கள் பேச்சில் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். பொலிஸ் இல்லை, பழி இல்லை.

"இல்லம்மா," என்றார் நானா. "அறுபத்திமூணுல பொழச்சது ஒண்ணு. அது உங்க சொம்பாலதான் பொழச்சது."

அங்கம்மாக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

டொக்டர் இரண்டடி முன்னால் வந்தார். "அங்கம்மா, நீ பிழையா விளங்கிக்கொண்டாய். நான் செம்பெண்டது அந்த உலோகத்தை. உன்ரை செம்பை இல்லை. எத்தினை பேரை இந்தக் கையாலை தொட்டு வைத்தியம் பாத்தனான்! நான் அப்பிடியெல்லாம் பாக்கிற ஆள் இல்லை, அது உனக்குத் தெரியாதே?"

நானா ட்ரேயிலிருந்த என் கிளாஸை எடுத்தார். விளிம்பு உடைந்த அந்தக் கிளாஸை இரண்டு பூப்போட்ட கோப்பைகளுக்கு நடுவில் வைத்தார்.

"டொக்டர், எனக்குச் சந்தேகம் எங்க வந்துச்சுன்னு நீங்க கேக்கல்லியே. சாமியறையில இல்ல. இதுல வந்துச்சு. நான் எந்த ஊருன்னு நீங்க கேக்கல்ல. இவன்கிட்ட கேட்டீங்க. இவன் ஸ்பிரிங்வெளி லயம்னான். உடனே ரெண்டு கோப்பையும் ஒரு கிளாசும்னீங்க. யோசிச்சுச் சொல்லல்ல, பழக்கத்துல வந்துச்சு. இந்தக் கோப்பையையும் இந்தக் கிளாஸையும் பதினொரு வருஷமா தனித்தனியாக் கழுவி வைக்கிறவங்ககிட்ட போய், 'செம்பு படக்கூடாது'ன்னா, அவங்க வேற என்னத்த நினைப்பாங்க? அவங்க பிழையா விளங்கல்ல டொக்டர். வீட்டைச் சரியா விளங்கினாங்க. சொல்லைத்தான் பிழையா விளங்கினாங்க."

கிளாஸ்ல கூடக் கொள்ளும் என்று நான் அடித்த பகிடி ஞாபகத்துக்கு வந்தது. நாங்களும் இப்படித்தான். அவள் அது சரிதானே என்றாள், நான் லாபம் என்று சிரித்தேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

டொக்டர் அந்தக் கிளாஸைப் பார்த்தார். பிறகு படிக்குப் போனார். சொம்புக்கு முன்னால் முழங்காலிட்டார். உள்ளே அது விரிந்து கிடந்தது. அவர் மனைவி வாங்கிய ஒன்றிலிருந்து பிரிந்து வந்து மிஞ்சிய கடைசி ஒன்று.

"பூவை எடுத்துக்கிட்டு சொம்பைத் தாங்க ஐயா," என்றாள் அங்கம்மாக்கா. "தொட்டியில விடாதீங்க, அந்தத் தண்ணி ஆவாது. பீப்பாவுல கொஞ்சம் கிடக்கு, தனியா வச்சு அதுல விடுங்க. அடியில புடிச்சு மெதுவாத் தூக்கணும். கையாலதான் எடுக்கணும், கரண்டி பட்டா கிழிஞ்சிரும்."

டொக்டர் கையை நீட்டினார். வாந்திபேதியில் கிடந்த என்னைத் தூக்கிய கை. அது சொம்பின் வாய் வரைக்கும் வந்தது. தண்ணீருக்கு ஒரு விரல் மேலே நின்றது.

ஒரு கணம்தான். நானா பார்த்தார், நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

"நிசாந்தினி," டொக்டர் கையை இழுத்துக்கொண்டார். "அந்தப் பிளாஸ்டிக் ஜக்கைக் கொண்டு வா."

அங்கம்மாக்கா எழுந்தாள். குனிந்து தட்டை எடுத்துச் சொம்பை மூடினாள். அதை இடுப்பில் அணைத்துக்கொண்டாள்.

"வேணாங்க ஐயா. இதுக்கும் இது பழகிப் போச்சு."

"அங்கம்மா! அது என்ரை மனுசியின்ரை..."

அவள் நிற்கவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கூப்பிட்டு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சேர், நாலு மணிக்கு வார சார்ஜன்கிட்ட என்ன எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டேன். "காளான் களவு போச்சுன்னா, சொம்போட விவரமும் சேத்து எழுதணும். நல்லா எழுதுவேன், படிச்சவன்."

டொக்டர் முழங்காலிட்டது முழங்காலிட்டபடியே இருந்தார். மகள் ஜக்கோடு வந்து பின்னால் நின்றாள். தொட்டிக்குள் மீன்கள் இரண்டும் மேலே வந்து இரை கேட்டன. யாரும் போடவில்லை.

"ரமேஸ்," என்றார் நானா, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு. "பின்னால அந்தப் பீப்பா ஈக்குது பாரு. தூக்கு."

தூக்கினேன். அரைப் பீப்பாக் கடலைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறியதை நினைத்தால் இன்றைக்கும் தோள்பட்டை வலிக்கிறது. நானா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாவது வளைவில், மேல் ஸ்டேஷனிலிருந்து வந்த பொலிஸ் ஜீப் எங்களைத் தாண்டி டொக்டர் வீட்டை நோக்கிக் கீழே போனது. யாரும் எங்களை நிறுத்தவில்லை.

"அக்கா," மூச்சு வாங்கியபடி கேட்டேன், "லயத்துல வச்சா அது பொழைக்குமா?"

"அடுப்புப் பக்கம் வச்சா குளிர் படாது. பெரிசா வெளிச்சமும் கேக்காது. தண்ணி தீந்தா தெரியல." சொம்பை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நம்மள மாதிரிதான். சும்மா விட்டாப் போதும்."

"செம்பைக் கொஞ்சம் நேராப் புடிங்கக்கா, சிந்துது."

அவள் நின்றாள். சொம்பை நிமிர்த்தினாள். அன்றைக்கு முழுவதும் இல்லாத ஒரு கோபம் அவள் முகத்தில் வந்தது. பதினொரு வருஷத்துக் கோபம், பாவம், என்மேல் விழுந்தது.

"சொம்புன்னு சொல்லுடா," என்றாள்.